மாதாவின் முதுகுப்பக்கம்

ராத்திரியில் ஒரு பழைய கோயிலுக்குள் படம் எடுக்கக் கூப்பிட்டால், எந்த லென்ஸைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று உடனே யோசிக்காதீர்கள். சாவி யாரிடம் இருக்கிறது, எந்த சுவிட்ச் எங்கே இருக்கிறது, அங்கே இருக்கிறவர்களில் யார் மனசு எதைச் சுற்றிக் கிடக்கிறது, இதையெல்லாம் முதலில் விசாரியுங்கள். லென்ஸ் கடையில் கிடைக்கும். மற்றது கிடைக்காது.

புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் அக்கா என்று நம் ஆட்கள் வாட்ஸ்அப்பில் நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். எழுதுகிறேன். ஆனால் ஷட்டர், ஐ.எஸ்.ஓ. என்று பாடம் நடத்த மாட்டேன், அதற்கு யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் கேமராவை மூட்டை கட்டிவைப்பதற்குச் சற்று முன்னால் செய்த ஒரு வேலையைப் பற்றிச் சொல்கிறேன். கொஞ்சம் பீற்றிக்கொள்வேன். இத்தனை வருடம் ஏணியில் ஏறி இறங்கிய முழங்கால் வலிக்கு அந்த உரிமையாவது வேண்டாமா?

வைகைக்குத் தென்பக்கம் ஒரு பழைய மாதா கோயில். பெயர் வேண்டாம், மதுரைக்காரர்களுக்கு இந்த அடையாளமே அதிகம். கோயிலின் உட்புறத்தை முழுசாகப் படம் எடுத்து ஒரு புத்தகம் போட வேண்டும் என்று பங்குச் சாமியார் போன் செய்தார். பகலில் எடுக்க முடியாது. காலையிலிருந்து ஜனம் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும். போதாததற்குக் கலர் கண்ணாடி ஜன்னல்கள் வழியாக வெயில் அடித்தால் தூண்கள் இருட்டாகிவிடும். அதனால் ராத்திரிதான்.

"ஃபாதர், என் படம் எதையாச்சும் பாத்துட்டுக் கூப்பிடுறீங்களா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"இல்லம்மா, பொய் சொல்லக் கூடாதுல்ல. மாதா சுரூபத்தையும் எடுக்கணும். சேலை மாத்துறப்ப ஆம்பளைக யாரும் உள்ள இருக்கக் கூடாதுன்னு இங்க ஒரு வழக்கம். லேடி போட்டோகிராபர் யாரு இருக்கான்னு விசாரிச்சோம். உங்க பேரத்தான் சொன்னாங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சடங்கு வீட்டுக்கும் வளைகாப்புக்கும் இதே காரணத்துக்காகத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். சரி, பொம்பளை என்று கூப்பிட்டீர்கள் அல்லவா, போட்டோகிராபர் வருகிறேன் பாருங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, "வாரேன் ஃபாதர்" என்றேன்.

அங்கே அவர்கள் சுரூபம் என்று சொல்வது சிலையை. அந்தக் கோயில் மாதா மரத்தில் செய்தது. யார் செய்தது, எப்போது வந்தது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பீடத்துக்கு மேலே உயரத்தில் ஒரு மாடத்தில், வேண்டுதல்காரர்கள் கொடுத்த பட்டுச்சேலையோடு நிற்பாள். எந்நேரமும் சேலையோடுதான் நிற்பாள். திருவிழாவுக்கு மட்டும் கீழே இறக்கிச் சப்பரத்தில் ஏற்றித் தெருக்களைச் சுற்றி வருவார்கள்.

முதல் ராத்திரி நான் உள்ளே நுழைந்ததும் கண் கூசிப்போனது. படம் எடுக்க வருகிறார்கள் என்று மரியாதைக்காக இருக்கிற லைட் எல்லாவற்றையும் போட்டுவைத்திருந்தார்கள். பீடத்தைச் சுற்றிப் பச்சை, நீலம், சிவப்பு என்று சீரியல் பல்புகள் ஓடிக்கொண்டிருந்தன. மாதாவின் தலைக்குப் பின்னால் ஒரு வட்டம் சுழன்றது. எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னேன்.

"என்னம்மா, இம்புட்டு லைட்டு போட்டிருக்கோம், எல்லாத்தையும் அணைக்கச் சொல்றீங்க. இருட்டையா படம் எடுக்கப் போறீங்க?" என்றார் அந்தோணி சார். அரசாங்கத்தில் பாலம் கட்டி ஓய்வுபெற்ற இன்ஜினியர், கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற பங்குப் பேரவையில் கட்டட வேலையெல்லாம் அவர் பொறுப்பு.

"ஆமா சார், இருட்டத்தான். நீங்க ஒத்தாசை பண்ணுங்க."

ஷட்டரைத் திறந்துவைத்துவிட்டு அவர் கையில் ஒரு பெரிய டார்ச்சைக் கொடுத்து, தூண் தூணாக வெளிச்சத்தால் வெள்ளையடிப்பது போலக் கீழிருந்து மேலாகத் தடவச் சொன்னேன். நடந்துகொண்டே இருந்தால் படத்தில் ஆள் விழ மாட்டார் என்றதும் நம்பவில்லை. முதல் படத்தைத் திரையில் பார்த்ததும் சின்னப் பிள்ளையாகிவிட்டார். தூணின் சுண்ணாம்புப் பூச்சு முட்டை ஓடு மாதிரி மின்னியது. வளைவுகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பீடம்வரை போயின. பெஞ்சுகளின் முதுகில் வருடக்கணக்காகக் கை பட்டுப் பட்டு ஏறிய வழவழப்புக்கூடத் தெரிந்தது. மறுநாள் ராத்திரி, படத்தில் விழாமல் இருக்கக் கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றார் மனுஷன். சாமியார் படங்களைப் பார்த்து, "தினமும் பூசை வைக்கிற கோயிலாம்மா இது?" என்று கேட்டார். பெருமையாக இருந்தது. இருக்காதா பின்னே?

ஆனால் நான் சொல்ல வந்த விஷயம் அடுத்த ராத்திரிதான் நடந்தது.

போன திருவிழாவில் மாதாவைச் சப்பரத்தில் ஏற்றும்போது சுரூபத்துக்குள் ஏதோ விரிசல் விடுகிற சத்தம் கேட்டிருக்கிறது. தூக்கியவர்களில் அந்தோணி சாரும் ஒருவர். அன்றிலிருந்து மனுஷனுக்குத் தூக்கம் இல்லை. மரம் உளுத்துப்போய்விட்டது, கூட்டத்துக்கு நடுவே உடைந்து பிள்ளைகள் தலையில் விழுந்தால் யார் பதில் சொல்வது, இதை எடுத்து மச்சில் வைத்துவிட்டு பைபரில் புதுசு வைப்போம் என்று பேரவையில் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. வெளியூரில் பழைய மரச்சிற்பங்களைப் பழுது பார்க்கிற ஒரு அம்மா இருக்கிறார். உடனே வர முடியாது, எல்லாப் பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அவர் சொல்வதை வைத்துப் பேரவை முடிவு செய்யும். ஆக, மாதா மாடத்தில் இருப்பாளா மச்சுக்குப் போவாளா என்பது நான் எடுக்கப்போகிற படத்தில் இருந்தது.

இது யாரை அதிகம் வாட்டியது என்றால் ஜெயராணி டீச்சரை. மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வில்லாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, மாதாவுக்குச் சேலை மாற்றுகிற பெண்களுக்குத் தலைமையாக நிற்பவர். அவருடைய அம்மாவும் அதே வேலையைச் செய்தவராம். என்னைப் பார்த்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "சேலை இல்லாத படம் புஸ்தகத்துல வரக் கூடாது. வெளிய யாருக்கும் போகக் கூடாது. சரின்னா உள்ள வா" என்றார்.

"ஃபாதருக்கும் பழுது பாக்குற அம்மாவுக்கும் மட்டுந்தான் டீச்சர். சத்தியம்."

ஆண்கள் நாலு பேர் சுரூபத்தை மாடத்திலிருந்து இறக்கி, கம்பளி விரித்த மேசைமேல் நிறுத்திவிட்டு வெளியே போனார்கள். கதவைச் சாத்தினோம். உள்ளே டீச்சர், அவருடைய கூட்டாளி லூர்து அக்கா, நான். அந்தோணி சார் மட்டும் பக்கவாசல் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

டீச்சர் மாதாவின் மாலையைக் கழற்றி, ஊக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் முந்தானையில் குத்திக்கொண்டார். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தன. சேலை இறங்கியதும் நான் அப்படியே நின்றுவிட்டேன். பட்டுக்கு உள்ளே மரத்திலேயே ஒரு முக்காடும் அங்கியும் இருந்தன. நீலம் வெளுத்து, ஓரத்தில் பொன் பூச்சு அங்கங்கே ஒட்டிக்கொண்டு, மடிப்பு மடிப்பாக அம்புட்டு அழகு. நான் கோச்சடைப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள், எங்கள் சாமிகள் வேறு. ஆனாலும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

முன்பக்கம் எடுத்து முடித்தேன். லூர்து அக்கா கழற்றிய சேலையை மடித்துக்கொண்டிருந்தார், டார்ச்சை டீச்சரே பிடித்தார். பிறகு மேசையோடு திருப்பினோம். முதுகுப்பக்கம். அவர் டார்ச்சை நேருக்கு நேராக உயர்த்திப் பிடித்தார். அந்த வெளிச்சத்தில் முதுகு வழுவழுவென்று தெரிந்தது. விரிசல் ஒரு மெல்லிய கோடு, அவ்வளவுதான் என்று லூர்து அக்கா வெளியே கேட்கிற மாதிரியே சொன்னார்.

"சைடுல இருந்து அடிக்கச் சொல்லுங்கம்மா!" வெளியிலிருந்து அந்தோணி சார் கத்தினார். ரெண்டு ராத்திரியில் வித்தையைக் கற்றுக்கொண்டுவிட்டார். "நேர அடிச்சா மேடு பள்ளம் தெரியாது!"

"தெரிஞ்ச வரைக்கும் போதும்னு அவருட்ட சொல்லு" என்றார் டீச்சர். டார்ச் அசையவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசியுங்கள். வெளிச்சத்தை நேராக அடித்தால் காயம் மறைந்துவிடும், டீச்சருக்குச் சந்தோஷம். பக்கவாட்டில் தாழ்த்தி அடித்தால் நகக்கீறல்கூடக் கிணறு மாதிரித் தெரியும், அந்தோணி சார் சொன்னது நிரூபணமாகிவிடும். ரெண்டுமே உண்மையான படம்தான். ரெண்டும் பொய்யும் சொல்லும். அதுவும் பழுது பார்க்கிற அம்மா நேரில் வரப்போவதில்லை, நான் காட்டுவதைத்தான் பார்க்கப் போகிறார். இப்படி ஒரு நேரத்தில் யார் மனசும் நோகாமல் வேலையை முடித்துவிடலாம் என்று நினைத்தீர்களானால் கேமராவை விற்றுவிட்டு வேறு தொழில் பாருங்கள்.

"டீச்சர், டார்ச்ச இறக்கி இந்தப் பக்கமாப் பிடிங்க."

"நீ யாரு பக்கம்? எங்க பக்கமா, அவரு பக்கமா?"

"மாதா பக்கம்னு வச்சுக்கங்க. நீங்க பிடிக்கிற மாதிரியே எடுத்து அனுப்புறேன். அந்தம்மா எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிருவாங்க. அடுத்த திருவிழாவுல தூக்குறப்ப ரெண்டாப் பிளந்தா? அப்ப என்ன செய்வீங்க?"

டீச்சர் என்னை முறைத்துப் பார்த்தார். வகுப்பில் எத்தனை பிள்ளைகள் அந்தப் பார்வைக்கு நடுங்கியிருப்பார்களோ! ஆனால் நானும் பார்வையை எடுக்கவில்லை. கடைசியில் அவர் கை மெதுவாக இறங்கியது. வெளிச்சம் மாதாவின் முதுகின்மேல் பக்கவாட்டில் படுத்தது.

விரிசல் தோளிலிருந்து இடுப்புவரை ஓடியது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, அந்த விரிசல் நெடுக இருந்த ஆணிகள். சின்னச் சின்ன ஆணிகள், துருப்பிடித்த தலைகள், ஒடிந்து உள்ளேயே நின்றுபோன குண்டூசிகள், ஆணி பிடுங்கிய துளைகள். ஒவ்வொன்றுக்கும் நிழல் விழுந்து தனித்தனியாகத் தெரிந்தது. முந்தானை நழுவாமல் இருக்க, கொசுவம் கலையாமல் இருக்க, யார் யாரோ காலகாலமாகப் பாசத்தோடு அடித்த ஆணிகள். எல்லாம் ஒரே வரிசையில் இறங்கி மரத்தைப் பிளந்திருந்தன.

"ஐயையோ, நாமளா?" என்றார் லூர்து அக்கா.

டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "போன திருவிழாவுக்குப் பட்டு கனமா இருக்கு, நிக்க மாட்டேங்குதுன்னு நாந்தான் அடிச்சேன்" என்றார். "இந்தா, அந்தப் பளபளன்னு இருக்கே, அது நான் அடிச்சது." வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதார். மச்சுக்கு அனுப்பக் கூடாது என்று யாரைக் காப்பாற்ற டீச்சர் ஒற்றை ஆளாக நின்றாரோ, அவளைத் தானே குத்தியிருக்கிறோம் என்றால் மனசு என்ன பாடுபடும்!

லூர்து அக்கா என் கையைப் பிடித்தார். "அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இதை மட்டும் அழிச்சிருங்க. வெளிய தெரிஞ்சா இனிமே சேலையே கட்டக் கூடாதும்பாங்க."

வெளியிலிருந்து, "என்னம்மா தெரியுது? சொல்லுங்க!" என்று கதவைத் தட்டினார் அந்தோணி சார்.

"எடுத்துக்கிட்டிருக்கேன் சார். முடிச்சதும் கூப்பிடுறேன்" என்று அதட்டலாகவே சொன்னேன். அழுகிற ஒருத்தி, கெஞ்சுகிற ஒருத்தி, கதவைத் தட்டுகிற ஒருவர். மூன்று பேருக்கும் அவரவர் நியாயம் இருந்தது.

நான் அழிக்கவில்லை. அதே சமயம் அந்தப் படத்தோடு நிறுத்தவும் இல்லை. பிள்ளைகளா, இதை நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: பயமுறுத்துகிற படம் வேறு, வைத்தியம் பார்க்கிற படம் வேறு. பிளந்து கிடக்கிற முதுகை மட்டும் அனுப்பினால் பார்த்தவுடன் மச்சுதான். நான் கிட்டே போனேன். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, விரிசலுக்குள்ளே வெளிச்சம் விட்டு, ஓரம் ஓரமாக எடுத்தேன். உள்ளே மரம் எப்படி இருக்கிறது, பொடி உதிர்கிறதா, பூச்சி அரித்த தடம் உண்டா, ஒவ்வொரு ஆணியும் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது, எல்லாம் தெரிகிற மாதிரி. எந்தப் படத்துக்கு எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் என்றும் குறித்துக்கொண்டேன். பாதியில் யாரோ டார்ச்சைச் சரியாக உயர்த்திப் பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தால் டீச்சர். கண்ணைத் துடைத்துவிட்டு எழுந்து வந்திருந்தார்.

முடிந்ததும் அவரிடம் சொன்னேன். "டீச்சர், இதை நான் இன்னைக்கு யாருக்கும் அனுப்பல. காலையில பூசை முடிஞ்சதும் நீங்களே ஃபாதருட்டச் சொல்லுங்க. உங்க வாயால சொன்னதுக்கு அப்புறந்தான் படம் போகும்."

"நான் சொல்லலன்னா?"

"சொல்லுவீங்க."

வெளியே வந்ததும் அந்தோணி சார் எவ்வளவோ துருவிப் பார்த்தார். நாளைக்கு ஃபாதர் சொல்வார் என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். காலையில் சாமியாரிடமிருந்து போன் வந்தது. "டீச்சர் சொல்லிட்டாங்கம்மா. அனுப்பிருங்க."

பேரவைக் கூட்டத்துக்கு என்னையும் வரச் சொன்னார்கள். பழுது பார்க்கிற அம்மாவின் பதிலைச் சாமியார் படித்தார். மரம் உளுக்கவில்லை, பூச்சி இல்லை, உள்ளே கெட்டியாகவே இருக்கிறது. ஆணிகளை எடுத்துவிட்டு விரிசலை இணைத்துவிடலாம், நன்றாக நிற்கும். இவ்வளவு நெருக்கமாக எடுத்த படங்கள் இல்லாவிட்டால் தூரத்திலிருந்து இதைச் சொல்லியிருக்க முடியாது என்றும் எழுதியிருந்தார். அதைச் சாமியார் ரெண்டு தடவை படித்தார். எனக்காகத்தான் படித்தார் என்று நினைக்கிறேன்.

அந்தோணி சாருக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் விடவில்லை. "அப்ப சேலைய நிறுத்திருவோம் ஃபாதர். இவங்க ஆணி அடிச்சே மாதாவ முடிச்சிருவாங்க."

டீச்சர் எழுந்தார். "அடிச்சது நாங்கதான். அதுல நான் அடிச்சதும் இருக்கு. இல்லைங்கல. ஆனா சேலை இல்லாத மாதாவ எங்க பிள்ளைக பாத்ததே இல்ல. ஒரு ஆணி, ஒரு ஊக்கு இல்லாமக் கட்டுறோம். ஒண்ணு இருந்தாலும் இந்த வேலைய விட்டே போயிடுறேன்."

"பிடிமானம் இல்லாம எப்படிங்க டீச்சர் நிக்கும்?"

"அது எங்க கவலை. நீங்க பாலம் கட்டுறப்ப நான் வந்து கேட்டேனா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அந்தோணி சாரும்தான். ஒரு திருவிழா பார்ப்போம் என்றார் சாமியார்.

பழுது பார்க்கப் போன மாதா திருவிழாவுக்கு முன்னால் திரும்பி வந்துவிட்டாள். என்னை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை, நானாகத்தான் கேமராவோடு போனேன். செல்லூர்த் தறிக்காரர் ஒருவர் நேர்ந்துகொண்டு கொடுத்த அரக்குச் சேலையில், கோயில் நடுவே மேசைமேல் மாதா நின்றாள். கட்டி முடித்துக் கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். உள்ளே ஒரு பஞ்சுத் துணி சுற்றி, அதற்குமேல் நாடா வைத்துத் தைத்து, கொசுவத்தை முன்கூட்டியே நூலால் பிடித்து என்று என்னென்னவோ செய்திருந்தார்கள். டீச்சர் தன் வீட்டில் தண்ணீர் டிரம்முக்குச் சேலை கட்டிக் கட்டியே பழகினார் என்று லூர்து அக்கா காதில் சொன்னார்.

சப்பரம் தூக்குகிறவர்கள் தயாராக நின்றார்கள். சாமியார் என்னிடம், "வந்துட்டீங்களா? முன்னாடி நின்னு ஒண்ணு எடுங்கம்மா" என்றார்.

"முன்பக்கத்த ஊரே எடுக்கும்" என்று குறுக்கே வந்தார் டீச்சர். என் தோளைப் பிடித்து மாதாவுக்குப் பின்னால் கூட்டிப் போனார். "இங்க இருந்து எடு. டார்ச் இருக்கா? சைடுல இருந்து அடி." பிறகு கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அந்தோணி சார்! நீங்களும் இங்கிட்டு வாங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார். நான் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தேன். பட்டின் மடிப்புகள் தோளிலிருந்து கால்வரை நேராக இறங்கின. அவர் குனிந்து, எட்டி, சுற்றி, பாலத்தைச் சோதிக்கிற மாதிரியே சோதித்தார். டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் படம் எடுத்தேன். என் வேலையில் எனக்கு அதிகம் பிடித்த படம் எது என்று கேட்கிறீர்களே, இதுதான்: மாதாவின் முதுகு, அதை முறைத்துப் பார்க்கிற ஒரு இன்ஜினியர், அவரை முறைத்துப் பார்க்கிற ஒரு கணக்கு டீச்சர்.

அந்தோணி சார் நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். டீச்சரைப் பார்த்துச் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தூக்குகிறவர்களோடு போய் நின்றார்.

"பிடிங்கப்பா" என்றார். "பயப்படாமத் தூக்குங்க."